ஒழுக்கை அடைத்த பின் தகடு வாங்குவோம்

வன்னியில் மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் மாதர் சங்கத்தினர் நடத்தும் அரைக்கும் ஆலை ஒன்று இருக்கின்றது. மிளகாயும் மாவும் அரைக்க 3 குதிரைவலு மோட்டர் ஒன்று, நெல் குற்ற 5 குதிரைவலு மோட்டர் ஒன்று, மா வறுக்க ஓர் அடுப்பு, பக்கற் ஒட்டும் சிறிய இயந்திரம் ஒன்று. தகரக் கூரை. ஐந்து பெண்கள் முறை வைத்து நிற்கின்றார்கள். அவர்களுள் மூவர் கணவரை இழந்தவர்கள். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் ஊரூராக மா இடித்து விற்ற அனுபவமே இந்த ஆலைக்கு முதல் என்று அவர்கள் சொல்வார்கள்.

நாம் அங்கு சென்ற நாளில் அவர்கள் மின்சாரப் பில்லையும் இன்னொரு கடதாசியையும் மேசையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அந்த இரண்டாவது கடதாசி ஒரு கடன் விண்ணப்பம். கூரைமேல் 5 கிலோவாற்று சூரியத் தகடு பொருத்தித் தருவதாக ஒரு விற்பனையாளர் வந்து சொல்லிப் போயிருந்தார். "சிஸ்ரர், தகடு போட்டால் பில்லே வராதாம். அஞ்சு பேரும் ஆளுக்காள் பிணை நிக்கிறம். கையெழுத்து வைக்கலாமோ?" என்று மூத்தவரான அக்கா எமது குழுவில் இருந்த அருட்சகோதரியிடம் கேட்டார்.

உடனே ஆம் என்றோ இல்லை என்றோ நாம் சொல்லவில்லை. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதைப் பற்றி லூக்கா நற்செய்தியில் வாசிக்கின்றோம். நாமும் அப்படியே உட்கார்ந்தோம். மூன்று நாட்கள் அங்கு தங்கி, ஒரு கொப்பியும் பேனையுமாக அந்த ஆலையின் மின்மானிக்கு முன்னால் நின்றோம். அங்கு கண்டவை உங்கள் கிராமத்து ஆலைக்கும், கடைக்கும், தையலகத்துக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகின்றோம்.

பில் ஏன் இப்படி ஏறியது?

மின்சாரமே இல்லாமல் வாழ்ந்தவர்கள் நாம். 1990களில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்த பிள்ளைகள் இன்று பிள்ளை குட்டிகளோடு இருக்கின்றார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டதும் பலருக்கு நினைவிருக்கும். எனவே கம்பி வந்து, ஆழியைத் தட்டியதும் மோட்டர் ஓடியபோது அதன் விலையை எவரும் எண்ணவில்லை. விலையும் அப்போது பாரமாக இருக்கவில்லை.

2022ஆம் ஆண்டில் நிலைமை மாறியது. அவ்வாண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தால் கூட்டப்பட்டது. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதத்தால் கூட்டப்பட்டது. அதன் பின்னர் குறைப்பதும் கூட்டுவதுமாக இருந்து, 2025 ஜனவரியில் 20 வீதம் குறைந்து, அதே ஆண்டு ஜூனில் 15 வீதம் கூடியது. இப்படி ஏறி இறங்கும் விலையை வைத்துக்கொண்டு, மிளகாய் அரைக்கக் கிலோவுக்கு எவ்வளவு கூலி வாங்குவது என்று அந்தப் பெண்களுக்குத் தெரியவில்லை. கூலியைக் கூட்டினால் சனம் பக்கத்து ஊர் மில்லுக்குப் போய்விடும். கூட்டாவிட்டால் பில் கட்டிய பின் ஐந்து பேருக்கும் பங்கிட ஒன்றும் மிஞ்சாது.

மானி சொல்லிய கதை

முதல் நாள் இரவு ஆலையைப் பூட்டும்போது மானியை வாசித்து எழுதினோம். காலையில் திறக்கும்போது மீண்டும் வாசித்தோம். ஆலை பூட்டியிருந்த 12 மணித்தியாலத்தில் 2 அலகு ஓடியிருந்தது. மோட்டர் ஓடவில்லை, மின்குமிழ் எரியவில்லை. அப்படியானால் அதைக் குடித்தது யார்?

மூலையில், மா வறுக்கும் அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற பழைய பிறீசர் பெட்டிதான். முன்பு மீன் விற்பனைத் திட்டம் ஒன்றுக்காக யாரோ கொடுத்தது. திட்டம் நின்றுவிட்டது, பெட்டி நிற்கவில்லை. திறந்து பார்த்தபோது உள்ளே நாலு விரல் பருமனில் பனிக்கட்டி. அதன் நடுவில் சில தண்ணீர்ப் போத்தல்களும், பிள்ளைகளுக்கு விற்கும் ஐஸ் பக்கற்றுகளும் இருந்தன. மூடியின் இறப்பர் வெடித்திருந்தது. ஒரு தாளை இடையில் வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். தாள் தடையின்றி வந்தது. நல்ல இறப்பர் என்றால் தாளைப் பிடித்துக்கொள்ளும். போதாக்குறைக்கு அடுப்பின் வெக்கை. ஒருபுறம் நெருப்பு, மறுபுறம் பனி. இரண்டுக்கும் நடுவில் மின்சாரம் வீணாகிக் கொண்டிருந்தது.

பெட்டி இரவும் பகலும் ஓடுவதால் நாளொன்றுக்கு 4 அலகு, மாதம் 120 அலகு. அந்த மாதப் பில்லில் இருந்தது 460 அலகு. அதாவது மில்லின் மின்சாரத்தில் கால் பங்குக்கு மேல் ஐஸ் பக்கற்றுக்குப் போயிருந்தது! இதைச் சொன்னபோது ஓர் அம்மாவுக்கு மனத்தாங்கல். ஐஸ் பக்கற் காசில்தான் கூட்டத்துக்குத் தேநீர் வைக்கிறோம் என்றார். பக்கற் விற்ற காசையும் அந்த 120 அலகின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப தேத்தண்ணியை வீட்டில இருந்து கொண்டு வாறன்" என்றார்.

அடுத்தது மிளகாய் மோட்டர். புதிய மானிகளில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். ஓர் அலகுக்கு அது எத்தனை தடவை சிமிட்டும் என்பது மானியின் முகத்திலேயே எழுதப்பட்டிருக்கும். 1600 என்று எழுதியிருந்தால், ஒரு நிமிடத்தில் 20 தடவை சிமிட்டும்போது மணித்தியாலத்துக்கு 1200 தடவை. அது முக்கால் அலகு. கைக்கடிகாரம் ஒன்று இருந்தால் எந்த இயந்திரம் எவ்வளவு குடிக்கின்றது என்பதை எவரும் அளந்துவிடலாம். நாம் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, அரைப்பதற்கு ஒன்றும் போடாமல் மிளகாய் மோட்டரை மட்டும் ஓடவிட்டு எண்ணினோம். ஏறத்தாழ முக்கால் அலகு வந்தது.

சும்மா ஓடும் மோட்டர் செலவில்லை என்று பலர் நினைக்கின்றார்கள். அது தவறு. இந்த ஆலையில் ஒருவரின் மிளகாய் முடிந்து அடுத்தவரின் மிளகாய் வரும்வரை மோட்டர் வெறுமனே ஓடியது. நாளுக்கு இரண்டரை மணித்தியாலம் அப்படி. மாதத்தில் 25 வேலை நாளுக்குக் கணக்கிட்டால் 47 அலகு. ஏன் நிறுத்துவதில்லை என்று கேட்டதற்கு, நிறுத்தினால் திரும்ப எழும்பாது, உறுமிக்கொண்டே நிற்கும், பிறகு மணக்கும் என்றார்கள். மோட்டர் எரிந்து விடுமோ என்ற பயம்.

பயத்துக்குக் காரணம் சுவரோரமாகப் போன மெல்லிய கம்பி. மானியில் இருந்து மிளகாய் மோட்டர் வரை 60 மீற்றர் தூரத்துக்கு 7/0.67 கம்பி இழுத்திருந்தார்கள். மோட்டர் வழமையாக ஓடும்போதே அந்தக் கம்பியில் 12 வோல்ற்று அளவில் விழுந்துவிடும். 170 வாற்று வெறுமனே கம்பியைச் சுடவைக்கப் போகும். தொடங்கும் கணத்தில் மோட்டர் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அப்போது 230 வோல்ற்றில் 60 வோல்ற்றுக்கு மேல் கம்பியிலேயே போய்விட்டால் மோட்டர் எப்படி எழும்பும்? கம்பியைக் கையால் தொட்டுப் பார்த்தோம் (உறையின் மேல்தான், ஆழியை மூடிய பின்). இளஞ்சூடாக இருந்தது. சூடான கம்பி என்றால் உங்கள் காசு சூடாகின்றது என்று அர்த்தம்.

அதைக் கழற்றி 7/1.04 கம்பி போட்டார்கள். கம்பி மாற்றியதால் நேரடியாக மிஞ்சுவது மாதம் 5 அலகுதான் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் மோட்டர் ஒரே தட்டில் எழும்பத் தொடங்கியதால் சும்மா ஓடிய 47 அலகும் நின்றது. அத்தோடு இப்போது சிறு தொகைகளாக அரைப்பதில்லை. மிளகாயை வாங்கி வைத்து, காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை என்று தொடர்ச்சியாக அரைக்கின்றார்கள். சனத்துக்கு இது முதலில் பிடிக்கவில்லை. இப்போது சந்தைக்குப் போகும் வழியில் தந்துவிட்டு, வரும் வழியில் வாங்கிப் போகப் பழகிவிட்டார்கள்.

பெல்ற்றையும் பாருங்கள். பெல்ற்றின் உட்பக்கம் கண்ணாடி போல மினுங்கினாலோ, இறப்பர் மணம் வந்தாலோ அது வழுக்குகின்றது. மோட்டர் சுற்றுகிறது, மில் சுற்றவில்லை. இரு கப்பிகளும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று ஒரு நூல் பிடித்துப் பார்க்கலாம். பெயாரிங்குக்குக் கிறீஸ் வைத்துப் பல மாதங்கள் ஆகியிருந்தன. தேய்ந்த அரைதட்டு ஒரே மிளகாயை இரண்டு தடவை அரைக்க வைக்கும். இவற்றால் மிஞ்சியது எவ்வளவு என்று எம்மால் தனியாக அளக்க முடியவில்லை. ஆனால் 10 கிலோ மிளகாய் முன்னரைவிட விரைவாக அரைபட்டதை எல்லோரும் கண்டார்கள்.

விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 60 வாற்று மஞ்சள் மின்குமிழ் நான்கு, பகலிலும் எரிந்தன. அவற்றுக்குப் பதிலாக 9 வாற்று எல்.ஈ.டி. மின்குமிழ்கள் போட்டதில் மாதம் 26 அலகு குறைந்தது. ஒரு தகரத்தைக் கழற்றிவிட்டு ஒளி புகும் தகடு ஒன்றைப் போட்டிருந்தால் அந்த எல்.ஈ.டி.யும் பகலில் வேண்டியதில்லை. அதைச் செய்யும்படி சொல்லி வந்திருக்கின்றோம். கோழிக்குஞ்சு வளர்ப்பவர்கள் மட்டும் இதைப் பார்த்து அவசரப்பட்டு மஞ்சள் குமிழை மாற்றிவிட வேண்டாம். குஞ்சுக்கு வேண்டியது அதன் வெக்கைதான். அங்கே செய்ய வேண்டியது வெக்கை வெளியே போகாமல் பெட்டியை நன்றாக மூடுவது.

இன்னொன்றையும் பில்லிலேயே கண்டோம். இந்த ஆலை இருக்கும் கட்டிடம் முன்பு பொதுநோக்கு மண்டபமாக இருந்தது. மின் இணைப்பு அப்போது எடுத்தது. ஆகவே பில் இன்னமும் 'பொது நோக்கம்' என்ற வகையில் வருகின்றது. அரைக்கும் ஆலை, நெல் ஆலை போன்றவை 'கைத்தொழில்' வகைக்கு உரியவை. அந்த வகையில் அலகின் விலை குறைவு. உங்கள் பில்லின் மேற்பகுதியில் எந்த வகை எழுதப்பட்டுள்ளது என்று இன்றே பாருங்கள். பிழையாக இருந்தால் பிரதேச மின்சார அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்து மாற்றலாம். இதற்குக் கம்பியும் வேண்டாம், தகடும் வேண்டாம், ஒரு கடிதம் போதும். விண்ணப்பத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டுறவுச் சங்கங்களின் பெரிய நெல் ஆலைகளுக்குக் கதை கொஞ்சம் வேறு. 42 கே.வி.ஏ.க்கு மேற்பட்ட இணைப்பு என்றால் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகு விலை உச்சம். அத்துடன் மாதத்தில் ஒரு தடவை ஏறிய உச்சத் தேவைக்கும் தனிக் கட்டணம் உண்டு. எல்லா மோட்டரையும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக ஓட்டும் ஒரு நாள் முழு மாதப் பில்லையும் ஏற்றிவிடும்.

இனித் தகடு

எல்லாம் கூட்டிப் பார்த்தோம். 460 அலகு பிடித்த ஆலைக்கு இப்போது 260 அலகு போதும். சூரியத் தகடு 1 கிலோவாற்று எமது பகுதியில் நாளுக்கு ஏறத்தாழ 4 அலகும், மாதத்தில் 110 முதல் 120 அலகு வரையும் தரும். ஆகவே இந்த ஆலைக்குத் தேவை இரண்டரை கிலோவாற்றுக்கு உட்பட்ட தகடே. விற்பனையாளர் சொன்னதில் பாதி. கடனும் அதற்கேற்பக் குறையும்.

மிஞ்சுவதை அரசாங்கத்துக்கு விற்கலாம் என்றாரே, அதுதானே இலாபம் என்று ஒரு தங்கை கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். 2010இல் இருந்து மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பிக் கொடுத்து அலகுக்கு அலகு கழிக்கும் வசதி எமது நாட்டில் வந்தது. 2016இல் அதைப் பெருப்பித்து, மிஞ்சியதற்குக் காசு கொடுக்கும் வழிகளும் அறிவிக்கப்பட்டன. அப்போது அலகுக்கு முதல் 7 ஆண்டுகளுக்கு 22 ரூபாவும், அதன் பின் 15 ரூபா 50 சதமும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். 2022இல் புதிதாகச் சேர்வோருக்கு 37 ரூபா என்றார்கள். 2024இல் அது 27 ஆனது. 2025இல் மேலும் இறக்கப்பட்டது. ஆகவே அயலவருக்கு அன்று கிடைத்த விலையைக் காட்டி உங்களுக்கு இன்று தகடு விற்க வருபவரிடம் அவதானமாக இருங்கள். இப்போது எந்த வழி திறந்திருக்கிறது, அலகுக்கு எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு என்பதை மின்சார அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் பெற்ற பின்னரே கையெழுத்து. தகடு பொருத்தும் நிறுவனம் நிலைபேறான சக்தி அதிகார சபையில் பதிவு பெற்றதா என்றும் கேளுங்கள்.

விற்பதற்காகத் தகடு போடுவது பணம் உள்ளவரின் வியாபாரம். கடன் வாங்கிப் போடும் எம்மவர்கள் தங்கள் பில்லைக் கழிக்கும் அளவுக்கே போடுவது நல்லது என்பது எமது எண்ணம். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் நாட்டில் மின்தேவை குறைந்ததால், கூரைத் தகடுகளைச் சில நாட்கள் நிறுத்தி வைக்கும்படி சொந்தக்காரரிடம் கேட்டுக்கொண்டார்கள். நாட்டின் கம்பி தாங்குமளவுக்கே எமது சூரியனையும் வாங்கிக்கொள்ளும்.

இன்னொரு மயக்கத்தையும் தெளிவாக்க வேண்டும். தகடு இருந்தால் மின்வெட்டு இல்லை என்று நினைக்க வேண்டாம். கம்பியோடு இணைத்த சாதாரணத் தகடு, கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவரைக் காக்க அப்படித்தான் செய்யப்பட்டிருக்கின்றது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டதே, அன்று உச்சி வெயிலில் பல இலட்ச ரூபாத் தகடுகளின் கீழே சனங்கள் விசிறிக்கொண்டு இருந்தார்கள். மின்வெட்டிலும் ஓட வேண்டுமானால் பற்றறியும் அதற்குரிய இன்வேட்டரும் வேண்டும். ஈயப் பற்றறி மூன்று முதல் ஐந்து ஆண்டில் மாற்ற வேண்டியது. லிதியம் நெடுநாள் உழைக்கும், விலையும் அதிகம். பகலில் மட்டும் ஓடும் அரைக்கும் ஆலைக்குப் பற்றறி வேண்டாம். மின்வெட்டு வந்தால் மிளகாய் காத்திருக்கும்.

பற்றறி விடயத்தில் நாட்டுக்கு ஓர் அனுபவம் உண்டு. 1997இல் இருந்து உலக வங்கியின் உதவியோடும் சர்வோதயத்தின் கடன் பிரிவு போன்றவற்றின் ஊடாகவும் கம்பி போகாத கிராமங்களுக்குச் சிறிய சூரிய விளக்குத் தொகுதிகள் கடனுக்குக் கொடுக்கப்பட்டன. பல்லாயிரம் வீடுகளில் வெளிச்சம் வந்தது உண்மை. பற்றறி பழுதாகி, புதிதாக வாங்கக் காசில்லாமல், பின்னர் கம்பியும் வந்து சேர, தகடு கூரையில் வெறுமனே கிடந்த வீடுகளும் பல.

கூரையையும் பார்க்க வேண்டும். 1 கிலோவாற்றுக்கு 50 முதல் 60 சதுர அடி இடம் போதும். எமது நாட்டில் தெற்குப் பக்கம் பார்த்து 10 பாகை அளவு சரிவாக வைத்தால் வெயிலும் படும், மழை கழுவியும் விடும். பனையின் நிழலோ தென்னோலையின் நிழலோ ஒரு தகட்டில் விழுந்தாலே வரிசை முழுவதும் தளரும். அதற்காகப் பனையைத் தறிக்க வேண்டாம், தகட்டை நகர்த்துங்கள். செம்மண் புழுதியையும் காக எச்சத்தையும் விடியற்காலையில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். நடுப்பகலில் கொதிக்கும் தகட்டில் குளிர் தண்ணீர் ஊற்றக் கூடாது. கிடுகுக் கூரையிலும் உக்கிய மரத்திலும் தகடு நிற்காது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியதை மறந்துவிட வேண்டாம். தகட்டைப் பிடித்திருக்கும் இரும்பு, கூரையின் தகரத்தில் மட்டும் அல்லாமல் மரத்தோடு இறுக்கப்பட வேண்டும்.

கடன் கணக்கு

மாதத் தவணை எவ்வளவு? தகடு கழித்துத் தரும் அலகு எவ்வளவு? இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். அலகு 25 ரூபா என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், 260 அலகுக்கு 6,500 ரூபா. தவணை 12,000 என்றால் மிகுதி 5,500 ரூபாவையும் மாதாமாதம் யார் தருவது? மில் உழைத்துத் தர வேண்டும். மார்கழியில் மழை மூட்டத்தில் தகடு சோம்பும். அந்த மாதத்தில்தான் நத்தாருக்கும் பொங்கலுக்கும் மா அரைக்கும் சனம் குவியும். தவணையும் அதே திகதியில் வரும்.

நுண்கடன் எமது பெண்களுக்குச் செய்ததை நாம் மறக்கவில்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபா வரையான பெண்களின் கடனை அரசாங்கமே தள்ளுபடி செய்ய வேண்டிய நிலை வந்தது. வாரந்தோறும் படலையில் வந்து நின்று காசு கேட்டவர்களைப் பற்றி இந்த மில்லில் நிற்கும் இருவர் சொந்த அனுபவத்தில் சொன்னார்கள். ஆளுக்காள் பிணை என்றால், ஒருவர் தவறும்போது மற்ற நால்வரின் சோறும் போகும். ஆகவே தகட்டின் கடன், அது கழிக்கும் பில்லைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. இருந்தால் தகட்டைச் சிறிதாக்குங்கள், அல்லது இன்னும் ஓர் ஆண்டு சேமியுங்கள். தகட்டின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறிய பொருள் அல்ல. காத்திருப்பதால் பெரிய நட்டம் இல்லை.

காணி சொந்தமில்லாதவர்க்கு

இவ்வளவும் வாசித்த பின், எமக்குக் கூரையே இல்லை, இது எமக்கு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். இன்னமும் நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவிலும் இருப்போர், குத்தகைக் காணியில் தோட்டம் செய்வோர் இந்தச் சஞ்சிகையின் வாசகரில் பலர். கம்பியோடு இணைக்கும் தகட்டுக்கு மின்கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். அதற்குக் காணிப் பத்திரம் கேட்பார்கள். பத்திரம் இல்லாதவர் அந்த வழியில் போய் அலையத் தேவையில்லை. தகடு என்பது கிணறு போல ஓரிடத்தில் வெட்டி வைப்பது அல்ல. ஆணியைக் கழற்றினால் கூடவே வரும்.

இறைப்பை எடுத்துக்கொள்வோம். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியபோது எத்தனை வெங்காயத் தறை வாடியது என்பது உங்களுக்குத் தெரியும். 30 அடி ஆழத்தில் இருந்து தண்ணீர் இறைக்க, ஓரளவு நல்ல பம்பி என்றால், 1 அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ 15,000 லீற்றர் கிடைக்கும். 1 கிலோவாற்றுத் தகடு ஒரு நல்ல வெயில் நாளில் அப்படி நான்கு அலகு தரும். தகட்டில் இருந்து நேரே ஓடும் பம்பிக்குப் பற்றறி இல்லை. வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூடும். மின்சாரத்தைத் தேக்குவதைவிடத் தண்ணீரை ஒரு தொட்டியில் தேக்குவது மலிவு.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, தகடுகளை ஒரு தள்ளுவண்டியிலோ லாண்ட்மாஸ்ரர் பெட்டியிலோ பூட்டி, தோட்டத்துக்குத் தோட்டம் இழுத்துப் போகலாம். இரவில் வீட்டுக்குக் கொண்டுவந்தால் கள்வர் பயமும் இல்லை. காணிக்காரர் அடுத்த போகத்தில் காணியைத் திருப்பிக் கேட்டாலும் தகடு உங்களோடு இருக்கும். பல தடவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்களுக்கு இது சிறிய விடயம் அல்ல.

இங்கேயும் ஒழுக்கு உண்டு. 1 அங்குலக் குழாயை 2 அங்குலமாக்கினால், அதே தண்ணீருக்குக் குழாயின் உராய்வு முப்பதில் ஒரு பங்குக்குக் குறையும். சிறு குழாயும் தேவையற்ற முழங்கைகளும் பூட்டிவிட்டுப் பெரிய பம்பி வாங்குபவர் பலர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல் கிணறு வைத்திருப்போர் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் விலை எமது கையை ஓரளவு கட்டிப் போட்டிருந்தது. தகட்டுப் பம்பிக்கு அந்தக் கட்டு இல்லை. வெயில் இலவசம் என்று நாள் முழுக்க இறைத்தால் அடியில் இருக்கும் உவர் மேலே வரும். அது திரும்பிப் போக வருடங்கள் செல்லும்.

மிளகாய், ஒடியல், மீன் காய வைப்பதற்கு மின்சாரமே வேண்டாம். 2 கிலோவாற்று மின் உலர்த்தி 8 மணித்தியாலம் ஓடினால் 16 அலகு. மரச் சட்டத்தில் பொலித்தீன் கட்டி, கீழே காற்று புக வழியும் மேலே ஈரம் வெளியேற வழியும் விட்ட கூடாரம் அதே வேலையை வெயிலில் செய்யும். இலையானும் புழுதியும் படாத மிளகாய்க்கு விலையும் கூட. தகடு வாங்கி அதிலிருந்து மின்சாரம் எடுத்து அதைத் திரும்ப வெக்கையாக்குவது, சூரியனிடம் போகச் சுற்றுவழி.

வத்திக்கானில் ஆறாம் சின்னப்பர் மண்டபத்தின் கூரையில் 2008இல் 2,400 தகடுகள் பொருத்தினார்கள். எமது மாதர் சங்கத்துக்கு நாலு ஐந்து தகடுகள் போதும்.

நாம் திரும்பி வரும்போது கடன் விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் அலுமாரிக்குள் போயிருந்தது. பிறீசரை ஒரு மீன் வாடிக்காரருக்கு விற்று, அந்தக் காசில் கம்பியும் பெல்ற்றும் வாங்கினார்கள். வகை மாற்றும் விண்ணப்பம் மின்சார அலுவலகத்தில் இருக்கின்றது, இன்னும் பதில் வரவில்லை. மானிக்குப் பக்கத்தில் ஒரு கொப்பி நூலில் தொங்குகின்றது. பூட்டும்போது ஒருவர் எழுதுகிறார், திறக்கும்போது இன்னொருவர் எழுதுகிறார். தை மாதம் வரை எழுதிப் பார்த்து, எத்தனை தகடு என்று அப்போது முடிவு செய்வதாகச் சொன்னார்கள். கடந்த மாதம் விற்பனையாளர் மீண்டும் வந்தாராம். அக்கா அவருக்குக் கொப்பியைக் காட்டினாராம். இரண்டரைக்கு விலை எழுதித் தரும்படி கேட்டிருக்கின்றார்கள்.